கிருமி செத்தாலும் அழற்சி ஏன் அடங்குவதில்லை? உள்நச்சும் வெள்ளணுவின் ஏற்பிகளும்

ஐ.சி.யு. வாசலில் காத்திருக்கும் குடும்பத்தை அதிகம் குழப்புகிற செய்தி இது: "இன்ஃபெக்ஷன் கட்டுக்குள் வந்துவிட்டது, ஆனால் பிரஷர் ஏறவில்லை, கிட்னியும் வேலை செய்யவில்லை." ஆன்டிபயாட்டிக் தன் வேலையைச் செய்திருக்கிறது. மறுபடி எடுத்த ரத்தக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. அப்படியானால் உறுப்புகளைக் கெடுப்பது எது? கிருமித் தொற்றுக்கு உடம்பு காட்டும் கட்டுமீறிய எதிர்வினை; இந்த நிலைக்குச் செப்சிஸ் என்று பெயர். 'சைட்டோகைன் புயல்' என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுச் செய்திகள் நின்றுவிடுகின்றன. கேட்பவருக்கு அடுத்த கேள்வி உடனே வரும்: உடம்பின் எதிர்வினைதான் சிக்கல் என்றால், ஒரு மருந்தைக் கொடுத்து அதை அடக்கிவிட வேண்டியதுதானே?

அடக்கிப் பார்த்திருக்கிறார்கள், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக. பெரும்பாலும் பலன் இல்லை. சில முறை நோயாளிகள் கூடுதலாக இறந்தார்கள். காரணம் புரிய, வெள்ளணுவின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகள் நச்சை எப்படி அறிகின்றன, அறிந்த பிறகு தங்களையே எப்படிக் கட்டுப்படுத்திக்கொள்கின்றன என்று பார்க்க வேண்டும்.

## முதலில் சில சொற்கள்

1. வெளிநச்சு: உயிரோடு இருக்கும் பாக்டீரியா சுரந்து வெளியே விடும் புரதம். டெட்டனஸ், டிப்தீரியா நச்சுகள் இந்த வகை.
2. உள்நச்சு: கிராம்-நெகட்டிவ் (கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு கொண்ட வகை) பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் பதிந்திருக்கும் லிப்போபாலிசாக்கரைடு, சுருக்கமாக எல்பிஎஸ். இது சுரக்கப்படுவதில்லை, பாக்டீரியாவின் உடம்பிலேயே ஒரு பகுதி. பாக்டீரியா உடையும்போது பெருமளவில் வெளியாகும். ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் காலரா கிருமியை ஆராய்ந்த ரிச்சர்ட் ஃபைஃபர் 1892இல் இதைக் கண்டறிந்து பெயரிட்டார்.
3. ஏற்பி: செல்லின் மேற்பரப்பில் நின்று, தனக்குப் பொருந்தும் மூலக்கூறு வந்து ஒட்டியதும் உள்ளே சைகை அனுப்பும் புரதம்.
4. சைட்டோகைன்: ஒரு செல் மற்ற செல்களுக்கு அனுப்பும் புரதச் செய்தி. டிஎன்எஃப், ஐஎல்-1, ஐஎல்-6 ஆகியவை அழற்சியைத் தூண்டுபவை, ஐஎல்-10 அடக்குவது.

எல்பிஎஸ் தானாக எந்தச் செல்லையும் துளைப்பதில்லை, எரிப்பதில்லை. அதை அறியும் ஏற்பி இல்லாத விலங்குக்கு அது ஏறக்குறைய வெறும் கொழுப்பும் சர்க்கரையும்தான். நச்சின் 'நச்சுத்தன்மை' நம் பக்கத்து எதிர்வினையில் இருக்கிறது.

## ஆறு சங்கிலி, இரண்டு பாஸ்பேட்

ஒரு ஈ.கோலை பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் ஏறக்குறைய பத்து லட்சம் எல்பிஎஸ் மூலக்கூறுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் மூன்று பகுதிகள்: வெளியே நீளும் சர்க்கரைச் சங்கிலி, நடுவில் ஒரு மையச் சர்க்கரைப் பகுதி, சவ்வில் புதைந்திருக்கும் லிப்பிட்-ஏ. நம் ஏற்பி பார்ப்பது கடைசிப் பகுதியை. ஈ.கோலையின் லிப்பிட்-ஏயில் இரண்டு பாஸ்பேட்களும் ஆறு கொழுப்பமிலச் சங்கிலிகளும் இருக்கின்றன. இந்த ஆறு என்ற எண்ணிக்கையில்தான் மொத்தக் கதையும் தொங்குகிறது.

நச்சு செல்லைத் தொடும் வரிசை:

1. ரத்தத்தில் மிதக்கும் எல்பிபி என்ற புரதம், பாக்டீரியாவின் துணுக்கிலிருந்து எல்பிஎஸ்ஸைப் பிரித்தெடுக்கிறது.
2. அதை மோனோசைட், மாக்ரோஃபேஜ் வகை வெள்ளணுக்களின் மேல் இருக்கும் சிடி14 என்ற ஏற்பியிடம் கொடுக்கிறது. சிடி14க்குச் செல்லுக்குள் நீளும் வால் இல்லை. அதனால் நேரடியாகச் சைகை அனுப்ப முடியாது. அதன் வேலை வாங்கிக் கொடுப்பது. மிகக் குறைந்த அளவு நச்சைக்கூடச் செல் உணர்வது இதனால்தான்.
3. சிடி14 அதை எம்டி-2 என்ற சிறு புரதத்திடம் ஒப்படைக்கிறது. எம்டி-2 எப்போதும் டிஎல்ஆர்-4 ஏற்பியோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.
4. எம்டி-2வின் உள்குழியில் ஆறு சங்கிலிகளில் ஐந்துதான் அடங்கும். ஆறாவது வெளியே எட்டிப் பார்க்கும். அந்த ஆறாவது சங்கிலியில் பக்கத்திலுள்ள இன்னொரு டிஎல்ஆர்-4 வந்து ஒட்டுகிறது. இரண்டும் ஜோடி சேர்ந்தால்தான் உள்ளே சைகை கிளம்பும். 2009இல் வெளியான படிக அமைப்பு (புரதத்தைப் படிகமாக்கிக் கண்டறிந்த முப்பரிமாண வடிவம்) இதைத் தெளிவாகக் காட்டியது.

நான்கே சங்கிலிகள் இருந்தால்? நான்கும் குழிக்குள் போய்விடும், வெளியே எதுவும் நீளாது, ஜோடி சேராது. பிளேக் பாக்டீரியா இந்தச் சந்தில் நுழைகிறது. தெள்ளுப்பூச்சியின் உடல் வெப்பத்தில் ஆறு சங்கிலி லிப்பிட்-ஏ செய்யும் அது, 37 டிகிரி மனித உடலுக்குள் வந்ததும் நான்கு சங்கிலிக்கு மாறிவிடும். ஏற்பிக்கு அது தெரிவதே இல்லை. 37 டிகிரியிலும் ஆறு சங்கிலியே செய்யும்படி அந்தப் பாக்டீரியாவின் மரபணுவை மாற்றியபோது, அது எலிகளைக் கொல்லும் திறனை இழந்தது. இந்த ஒரே சோதனை போதும், ஏற்பி விழித்திருப்பது நமக்கு எவ்வளவு தேவை என்று காட்ட.

இதன் மறுபக்கத்தையும் எலிகளே காட்டின. சி3எச்/ஹெச்இஜே என்ற ஆய்வக எலி இனத்துக்கு எவ்வளவு எல்பிஎஸ் செலுத்தினாலும் அதிர்ச்சி நிலை (ரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போவது) வராது. புரூஸ் பியூட்லரின் குழு 1998இல் காரணத்தைக் கண்டது: டிஎல்ஆர்-4 மரபணுவில் ஒரே எழுத்துப் பிழை; அதனால் புரதத்தின் 712ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின். பியூட்லருக்கு 2011இல் நோபல் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது. அதே எலிகள் உயிருள்ள சால்மொனெல்லா சிறிதளவு நுழைந்தாலே இறந்துபோகின்றன என்பது பலர் சொல்ல மறக்கிற விஷயம். நச்சைத் தாங்குகிறது, கிருமியைத் தாங்குவதில்லை. பின்னால் மருந்துகள் தோற்ற கதைக்கு இதுவே முன்னுரை.

## எவ்வளவு நச்சு போதும்?

ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 4 நானோகிராம் எல்பிஎஸ் செலுத்தும் ஆய்வு முறை ஒன்று இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் குளிர் நடுக்கம், தலைவலி. ஏறக்குறைய 90 நிமிடத்தில் ரத்தத்தில் டிஎன்எஃப் உச்சம். மூன்று நான்கு மணி நேரத்தில் காய்ச்சல் உச்சம். அன்றே எல்லாம் இறங்கிவிடும். ஒரு எலியைக் கொல்ல கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் வேண்டும். எலியில் வெற்றி பெற்ற செப்சிஸ் மருந்துகள் மனிதரில் விழுந்ததற்கு இந்தப் பெரிய வித்தியாசமும் ஒரு காரணம்.

டிரிப்ஸ் போட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில் சிலருக்குப் பல் கிட்டும் அளவு நடுக்கம் வருவதை வார்டில் பார்த்திருப்போம். 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்பார்கள். மருந்து அலர்ஜியாகவும் இருக்கலாம். ஆனால் திரவத்தில் உள்நச்சு கலந்திருந்தாலும் இதே படம்தான். இங்கே கவனிக்க வேண்டியவை:

1. ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்தால் பாக்டீரியா சாகும், எல்பிஎஸ் அழியாது. அதை அழிக்க உலர் வெப்பத்தில் 250 டிகிரி, 30 நிமிடம் வேண்டும். கண்ணாடிக் குப்பியை அப்படிச் சூடாக்கலாம், உள்ளே இருக்கும் திரவத்தை முடியாது.
2. 0.22 மைக்ரான் வடிகட்டி பாக்டீரியாவைப் பிடிக்கும். உடைந்து கரைந்த எல்பிஎஸ் தாண்டிப் போய்விடும்.
3. ஆகவே 'ஸ்டெரைல்' என்று எழுதியிருப்பதும் 'பைரோஜன் (காய்ச்சல் உண்டாக்கும் பொருள்) இல்லாதது' என்பதும் ஒன்றல்ல. நீர்த் தொட்டியில் பாக்டீரியா படலம் படிந்திருந்தாலோ, நிரப்பிய திரவம் ஸ்டெரிலைஸ் ஆகும் முன் நீண்ட நேரம் காத்திருந்தாலோ, கிருமி செத்து நச்சு மட்டும் மிஞ்சும்.

அளவுகோல் எண்டோடாக்சின் (உள்நச்சு) யூனிட். தரப்படுத்திய எல்பிஎஸ் ஒரு நானோகிராம் என்பது சுமார் 10 யூனிட். ரத்தக் குழாய் வழியே செலுத்தும் மருந்துக்குப் பொதுவான உச்ச வரம்பு, ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் 5 யூனிட். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 300. நார்மல் சலைனுக்கு ஒரு மில்லிக்கு 0.5 யூனிட் என்ற வரம்பை வைத்தால், 500 மில்லி பாட்டிலில் அதிகபட்சம் 250. ஒரு மணி நேரத்தில் ஏற்றினாலும் வரம்புக்குள். முதுகுத் தண்டு வழியே போடும் மருந்துக்கு வரம்பு கிலோவுக்கு 0.2 யூனிட்தான். டயாலிசிஸில் இன்னும் கவனம் வேண்டும்: ஒரு அமர்வில் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் ரத்தத்தின் மறுபக்கம் ஓடுகிறது. ஒரே ஷிஃப்டில் இரண்டு மூன்று பேருக்கு நடுக்கம் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஆர்.ஓ. தண்ணீரை.

நடுக்கம் வந்தால் செய்ய வேண்டியது: திரவத்தை நிறுத்துவது, பாட்டிலோடு குழாய் செட்டையும் மாற்றுவது, பழையதைக் குப்பையில் போடாமல் பேட்ச் எண்ணோடு எடுத்து வைத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது. மூன்றாவதுதான் வழக்கமாக விட்டுப்போகிறது. அதனால் அடுத்த நோயாளிக்கும் அதே பேட்ச் ஏறுகிறது.

## ஒரே ஏற்பி, இரண்டு பாதை

ஜோடி சேர்ந்த டிஎல்ஆர்-4 செல்லின் மேற்பரப்பில் இருக்கும்போது மைடி88 என்ற புரதம் வழியாகச் செய்தி போகும். ஐராக் நொதிகள், டிராஃப்-6 என்று தொடர்ந்து, கடைசியில் என்எஃப்-கப்பா-பி செல்லின் கருவுக்குள் நுழைந்து டிஎன்எஃப், ஐஎல்-6 மரபணுக்களை இயக்குகிறது. பிறகு சிடி14 அந்த ஏற்பியையே செல்லுக்குள் இழுத்துக்கொள்கிறது. உள்ளே போன ஏற்பி டிரிஃப் என்ற இன்னொரு புரதம் வழியாக இன்டர்ஃபெரான்-பீட்டா என்ற சைட்டோகைனைச் செய்யச் சொல்கிறது. ஏற்பி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துச் செய்தி மாறுகிறது. உள்ளே இழுப்பதால் மேற்பரப்புச் செய்தியும் குறைகிறது.

எல்பிஎஸ் செல்லின் உட்திரவத்துக்குள்ளேயே வந்துவிட்டால் டிஎல்ஆர்-4 தேவையில்லை. மனிதரில் காஸ்பேஸ்-4, காஸ்பேஸ்-5 நொதிகள் (எலியில் காஸ்பேஸ்-11) அதை நேரடியாகப் பிடித்து, காஸ்டெர்மின்-டி புரதத்தை வெட்டுகின்றன. வெட்டிய துண்டு செல்சவ்வில் ஓட்டை போடும். செல் வெடித்துச் சாகும். மேற்பரப்பு ஏற்பியை மட்டும் அடைக்கும் மருந்து இந்தப் பாதையைத் தொடவே தொடாது.

## அடக்கும் ஏற்பிகள்

அழற்சியைத் தொடங்குவதைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதும். நிறுத்துவதைப் பற்றி ஒரு பத்தி இருந்தால் அதிகம். நோயாளியின் கதி தீர்மானமாவது பெரும்பாலும் அந்தப் பத்தியில். தொட்டி நிரம்பியதும் மிதவை எழும்பித் தண்ணீரை அடைப்பதுபோல, அழற்சி ஏற ஏற அதை அடைக்கும் ஏற்பிகளும் கூடுகின்றன.

1. பக்கத்து ஏற்பியின் குறுக்கீடு. ஆர்பி105 என்ற ஏற்பி வெளித்தோற்றத்தில் டிஎல்ஆர்-4 போலவே இருக்கும், உள்ளே சைகை அனுப்பும் வால் மட்டும் இல்லை. மாக்ரோஃபேஜில் அது டிஎல்ஆர்-4, எம்டி-2 கூட்டணியோடு ஒட்டிக்கொண்டு எல்பிஎஸ்ஸுக்கு இடம் கொடுக்காமல் தடுக்கிறது. சிகர் என்ற இன்னொன்று உள்பக்கம் மைடி88 சேர்வதைக் கெடுக்கிறது.

2. ஏமாற்று ஏற்பி. ஐஎல்-1க்கு இரண்டு ஏற்பிகள். முதலாவது செய்தியைக் கடத்தும். இரண்டாவது ஐஎல்-1ஐப் பிடித்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். இதோடு, முதல் ஏற்பியில் போய் உட்கார்ந்து இடத்தை அடைக்கும் ஐஎல்-1ஆர்ஏ என்ற புரதமும் உண்டு. அந்தப் புரதம் பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்கு, எந்தக் கிருமியும் இல்லாமலேயே பிறந்த சில நாட்களில் தோலும் எலும்பும் கொப்பளித்து வீங்கும். 2009இல் இந்த நோய் விவரிக்கப்பட்டது. அதே புரதத்தின் மருந்து வடிவமான அனகின்ரா கொடுத்தால் அடங்குகிறது.

3. உதிரும் ஏற்பி. அழற்சியின்போது ஏடம்-17 என்ற நொதி, டிஎன்எஃப் ஏற்பிகளைச் செல்லின் மேலிருந்து வெட்டி ரத்தத்தில் விடுகிறது. இதனால் செல் தன் காதைக் குறைத்துக்கொள்கிறது. மிதக்கும் துண்டுகள் ரத்தத்திலுள்ள டிஎன்எஃப்பையும் உறிஞ்சிக்கொள்கின்றன.

4. ஐஎல்-10 ஏற்பி. ஸ்டாட்-3 என்ற புரதம் வழியாக அழற்சி மரபணுக்களை அடக்கும். இந்த ஏற்பி பழுதான பச்சிளங்குழந்தைகளுக்கு முதல் சில மாதங்களிலேயே கடுமையான குடல் அழற்சி வருகிறது. நம் குடலில் எல்பிஎஸ் எப்போதும் மலைபோல் இருக்கிறது. அதைக் கண்டு மாக்ரோஃபேஜ் கொதிக்காமல் இருப்பது இந்த ஏற்பியின் புண்ணியம்.

5. எதிர்த்திசை ஜோடி. டிரெம்-1 என்ற ஏற்பி டிஎல்ஆர்-4இன் சைகையைப் பன்மடங்காக்கும். உறவான டிரெம்-2 மாக்ரோஃபேஜில் குறைக்கும். எது எவ்வளவு மேற்பரப்பில் இருக்கிறது என்பதில் சத்தத்தின் அளவு அமைகிறது.

இவை எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் நிலைக்கு உள்நச்சுத் தாங்குதிறன் என்று பெயர். 1940களில் பால் பீசன் முயல்களுக்கு டைஃபாய்டு தடுப்பூசியை நாள்தோறும் செலுத்தியபோது காய்ச்சல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனது. செல் நச்சைக் கண்டும் டிஎன்எஃப் செய்ய மறுக்கிறது. இது காப்பாற்றும், அளவு மீறினால் புதிய கிருமி வந்தாலும் செல் அசையாது. செப்சிஸில் இரண்டாவது வாரத்தில் வெண்டிலேட்டர் நிமோனியாவோ பூஞ்சையோ பிடித்து இறப்பவர்கள் பலர் இந்த நிலையில் இருப்பவர்கள்.

## வெளிநச்சு வேறு வாசலில் வருகிறது

ஸ்டாஃபிலோகாக்கஸின் டிஎஸ்எஸ்டி-1 போன்ற சூப்பர்ஆன்டிஜென் நச்சுகள் டிஎல்ஆர்-4ஐத் தேடுவதில்லை. கிருமித் துணுக்கை ஏந்திக் காட்டும் எம்எச்சி-2 மூலக்கூறையும், அதைப் பார்க்கும் டி-செல் என்ற வெள்ளணுவின் ஏற்பியையும் பக்கவாட்டில் சேர்த்துப் பிணைத்துவிடுகின்றன. வழக்கமான ஆன்டிஜெனுக்கு (எதிர்ப்பு மண்டலம் அடையாளம் காணும் பொருளுக்கு) லட்சத்தில் ஒன்றிலிருந்து பத்து டி-செல் வரைதான் விழிக்கும். இதற்கு ஐந்தில் ஒரு பங்கு வரை விழிக்கலாம். 1980இல் அமெரிக்காவில் டேம்பான் பயன்படுத்திய பெண்களைத் தாக்கிய டாக்ஸிக் ஷாக் இது. சிகிச்சையில் கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் சேர்ப்பதன் காரணமும் இந்த நச்சுதான்: அது பாக்டீரியாவில் புரதம் செய்யும் ரைபோசோமை முடக்கி நச்சு உற்பத்தியை நிறுத்தும், பெனிசிலின் வகை மருந்துகள் அதைச் செய்வதில்லை.

பாக்டீரியாவே இல்லாமல் ஏற்பியை மட்டும் தட்டினால் என்ன ஆகும் என்பது 2006 மார்ச் 13 அன்று லண்டன் நார்த்விக் பார்க்கில் தெரிந்தது. டி-செல்லின் சிடி28 ஏற்பியைத் தூண்டும் டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடியை கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வீதம் பெற்ற ஆறு தன்னார்வலர்களும் 90 நிமிடத்துக்குள் நடுங்கத் தொடங்கினார்கள். பிறகு உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். ஆறு பேரும் பிழைத்தார்கள்.

## மருந்துகள் தோற்றது எப்படி

1. எரிடோரான். நான்கு சங்கிலி கொண்ட செயற்கை லிப்பிட்-ஏ. எம்டி-2 குழியை நிரப்பி உண்மையான நச்சுக்கு இடமில்லாமல் செய்யும். அழகான வடிவமைப்பு. 1,961 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2013இல் வந்தது: 28 நாள் இறப்பு மருந்துக் குழுவில் 28.1 சதவீதம், வெற்று மருந்துக் குழுவில் 26.9.
2. டிஎன்எஃப் ஏற்பியின் கரையும் வடிவம். உடம்பு தானே உதிர்க்கும் ஏற்பியை மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1996இல் வெளியான 141 பேர் ஆய்வில், வெற்று மருந்தில் 30 சதவீதமாக இருந்த இறப்பு, மருந்தின் அளவு கூடக் கூட ஏறி, அதிகபட்ச அளவில் 53 சதவீதமானது.
3. டிரெம்-1 தடுப்பான் நங்கிபோடைட். 2023இல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வில் மொத்த நோயாளிகளிடம் முதன்மை இலக்கை எட்டவில்லை.

மூன்றுக்கும் பொதுவான சிக்கல் நேரம். டிஎன்எஃப் 90 நிமிடத்தில் உச்சம் தொடுகிறது. நோயாளி மருத்துவமனைக்கு வருவதோ ஒரு நாள், இரண்டு நாள் கழித்து. அப்போது வாசலை அடைப்பதில் பயன் குறைவு. உடைந்த நம் சொந்தச் செல்களிலிருந்து கசியும் பொருட்களே அழற்சியை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோயிருக்கும். இன்னொன்று, செப்சிஸ் நோயாளிகளில் கணிசமானோருக்குக் காரணம் வெளிச்சவ்வு இல்லாத கிராம்-பாசிட்டிவ் கிருமி. அதில் எல்பிஎஸ்ஸே இல்லை. மூன்றாவது, படுக்கையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் கொதித்துக்கொண்டிருப்பார், மற்றவர் தாங்குதிறனில் உறைந்திருப்பார். இருவருக்கும் ஒரே தடுப்பு மருந்து கொடுத்தால் இரண்டாமவருக்கு அது கெடுதல்.

அதனால்தான் இன்றும் நிலையான சிகிச்சை, இந்த நச்சு ஏற்பிகளைத் தொடாத பழைய விஷயங்கள்: அதிர்ச்சி நிலை என்று தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக், முதல் மூன்று மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லி திரவம், சராசரி ரத்த அழுத்தம் 65க்கு மேல் நிற்க, ரத்தக் குழாயைச் சுருக்கும் நார்அட்ரினலின், அதன் தேவை குறையாமல் தொடர்ந்தால் நாளைக்கு 200 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு எல்லாக் காய்ச்சலுக்குமான ஊசி அல்ல. வெளியில் அப்படித்தான் போடப்படுகிறது.

## யார் எந்த நிலையில்?

இப்போதைய முயற்சி, நோயாளியைப் பிரித்தறிந்து எதிரெதிர் மருந்து கொடுப்பது. ரத்தத்தில் ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) ஒரு மில்லிக்கு 4,420 நானோகிராமுக்கு மேல் போனால் மாக்ரோஃபேஜ் கட்டுமீறிவிட்டது என்று கொண்டு அனகின்ரா தரும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. எதிர்முனையில் அளப்பது மோனோசைட்டின் மேலுள்ள எச்எல்ஏ-டிஆர் என்ற எம்எச்சி-2 வகை மூலக்கூறின் எண்ணிக்கையை. ஒரு செல்லுக்கு 8,000க்குக் கீழே நாள்கணக்கில் நீடித்தால் எதிர்ப்புச் சக்தி முடங்கிவிட்டது என்று பல ஆய்வுகள் கொள்கின்றன. அவர்களுக்கு வெள்ளணுக்களை உசுப்பும் சைட்டோகைன்களான ஜிஎம்-சிஎஸ்எஃப் அல்லது இன்டர்ஃபெரான்-காமா கொடுத்துத் தூண்டிப் பார்க்கிறார்கள்.

ஃபெரிட்டினைச் சாதாரண லேபிலும் பார்க்கலாம். எச்எல்ஏ-டிஆருக்கு ஃப்ளோ சைட்டோமீட்டர் (செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் கருவி) வேண்டும், மாதிரி எடுப்பதிலும் நுணுக்கம் உண்டு. ரத்தத்தை, அது உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் எடுத்து உடனே பனிக்கட்டியில் வைத்து, நான்கு மணி நேரத்துக்குள் ஆன்டிபாடி சாயம் ஏற்றிவிட வேண்டும். அறை வெப்பத்தில் மேஜைமேல் கிடந்தால் மோனோசைட் குழாய்க்குள்ளேயே எச்எல்ஏ-டிஆரை மேலே அனுப்பத் தொடங்கிவிடும். முடங்கிப்போன நோயாளியின் அறிக்கை நார்மல் என்று வரும்.